நிப்பிளை நிறுத்திய ராத்திரிகள்: இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதைச் சொல்லுங்கள்

அரைத்தூக்கம்:

நிப்பிளை (பால் புட்டியில் மாட்டுவது இல்லை, பிள்ளைகள் சும்மா வாயில் வைத்துச் சப்புவது) எப்படி நிறுத்துவது என்று கேட்க வரவில்லை. நிறுத்தி ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரே ஒரு ராத்திரி மட்டும் உள்ளே கிடந்து அரிக்கிறது. அதை எங்கேயாவது இறக்கி வைத்தால் தேவலை.

மகளுக்கு அப்போது 2 வயது 2 மாதம். பகலில் ஏற்கெனவே விட்டுவிட்டாள், தூங்கப் போகும்போது மட்டும்தான். யானை நுழைந்து வால் மாட்டிக்கொண்டது என்பார்களே, அந்த வால். ஒரு சனிக்கிழமை "காணாமப் போச்சு" என்று சொல்லிவிட்டோம். பச்சைப் பொய். அது என் நைட்டிப் பாக்கெட்டில்தான் இருந்தது. ரொம்பவும் முடியாமல் போனால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தைரியத்துக்கு வைத்திருந்தேன். முதல் ராத்திரி ஒன்றரை மணி நேரம் அழுதாள். இரண்டாவது ராத்திரி பரவாயில்லை, தப்பித்தோம் என்று நினைத்தோம். மூன்றாவது, முதல் ராத்திரியை விட மோசம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுங்கள்.

நான்காவது ராத்திரி மணி இரண்டே முக்கால் இருக்கும். அழும் நேரம் தாண்டியும் சத்தமே இல்லையே என்று பயந்துபோய் எழுந்தேன். படுக்கையில் ஆள் இல்லை. ஹாலுக்குப் போனால், இருட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். அதுவரை அகப்பட்டதையெல்லாம் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள்: ஒரு கிரேயான், ஒற்றைச் சாக்ஸ், எப்போதோ தொலைந்துபோன என் ஹேர் கிளிப்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். நாலு நாள் தூங்காதவள் அழுகிற அழுகை. அவள் எழுந்து வந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "அழாதம்மா, கெடைக்கும்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். பாக்கெட்டில் இருந்த நிப்பிள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டி, அதன் வளையம் என் விலாவில் குத்திக்கொண்டிருந்தது.

எடுத்துக் கொடுக்கவில்லை. அன்றைக்கு ஏழு மணி வரை தூங்கினாள், அப்புறம் கேட்கவே இல்லை. எல்லோரும் "ஜெயிச்சுட்ட" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி?


டேப்_ஒட்டாத_அப்பா:

எனக்கு. முனையில் ஊசியால் ஒரு ஓட்டை, அடுத்த நாள் கத்தரியால் கொஞ்சம், அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். உறிஞ்சினால் காற்று நுழைந்துவிடும், இழுவை கிடைக்காது, சுகம் போய்விடும், பயல் தானாகவே தூக்கிப் போட்டுவிடுவான் என்று கணக்கு. எங்கேயோ படித்தது.

அவனுக்கு இரண்டரை வயது. வாயில் வைத்தான், எடுத்தான், திருப்பிப் பார்த்தான். அழுவான் என்று நான் தயாராக நிற்கிறேன். அவன் நேராகப் போய் என் மேஜை டிராயரை இழுத்து, செல்லோடேப்பை எடுத்துக்கொண்டு வந்து, நிப்பிளையும் டேப்பையும் என் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒடஞ்சிச்சு. அப்பா ஒட்டு."

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் நான்தான் ஒட்டுவேன். கார் சக்கரம், கிழிந்த புத்தகம், பொம்மையின் காது, எல்லாம். என்னால் ஒட்ட முடியாது என்று நான் சொன்ன முதல் சாமான் அதுதான். அவன் நம்பவில்லை. எனக்கு வழி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, டேப்பின் முனையைத் தேடி இழுத்து என் விரலில் சுற்றிக் காட்டினான், இப்படி ஒட்டு என்று.

அன்றைக்கு ராத்திரி மூன்று தடவை விழித்தான். மூன்று தடவையும் நிப்பிள் வேண்டும் என்று கேட்கவில்லை. டேப்பைத்தான் கேட்டான்.


பல்வரிசை:

அண்ணா, மனசைப் பிசைகிற கதைதான், ஆனால் இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து நிப்பிளை வெட்டாதீர்கள். ஓட்டை போட்ட ரப்பரோ சிலிக்கானோ அந்த இடத்திலிருந்தே கிழிய ஆரம்பிக்கும். இந்த வயதில் கடைவாய்ப்பல் வேறு முளைத்துக்கொண்டிருக்கும், நன்றாகக் கடித்து இழுப்பார்கள். துண்டு பிய்ந்து தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குகிற நிப்பிள் அட்டையிலேயே, கிழிசல் தெரிந்தால் உடனே தூக்கி எறியுங்கள் என்றுதான் போட்டிருப்பார்கள். நாமே கிழித்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

என் கதை சின்னது. மகள் கிட்டத்தட்ட 4 வயது வரை விடவில்லை. ஒரு நாள் தன் கவுனில் தொங்கிய நூலைக் கடித்து அறுக்கப் பார்த்தாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பக்கம் ஒன்றையொன்று தொடவே இல்லை. நூல் நடுவில் இருந்த இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போகிறது, வருகிறது. அவள் வாயைக் கோணிக் கோணித் திரும்பத் திரும்பக் கடிக்கிறாள். நிப்பிளின் வடிவத்துக்கே ஒரு ஓட்டை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அது மூடிக்கொண்டு வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதனால்தான் சொல்கிறேன், 3 வயதைத் தாண்ட விடாதீர்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகமும் அந்த வயதுக்குள் நிறுத்தத்தான் சொல்கிறது. முன்பற்கள் நடுவில் விழுகிற இடைவெளி சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் தானே சரியாகும். மேல் தாடை ஒடுங்கிக் கடைவாய்ப் பற்கள் குறுக்காகக் கடிக்க ஆரம்பித்துவிட்டால் அது அவ்வளவு லேசில் திரும்பாது. அப்புறம் காது. அடிக்கடி நடுக்காதில் சீழ் கோக்கிற பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் நிறுத்துவது நல்லது.

எப்படி என்றால், முதலில் பகலில் நிறுத்துங்கள். வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது, பள்ளியில் விடுவது, காய்ச்சல், இவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு துணிப் பொம்மையை இரண்டு வாரம் முன்பே பழக்கிவிடுங்கள், நிப்பிளோடு சேர்த்தே கையில் இருக்கட்டும், அப்புறம் நிப்பிள் மட்டும் போகும். மதியத் தூக்கம் கெட்டால் சாயங்காலம் கண்ணைக் கசக்க ஆரம்பிப்பார்கள், அன்றைக்கு அரை மணி முன்னதாகவே படுக்கப் போட்டுவிடுங்கள். தூக்கக் கலக்கம் கூடக் கூடத்தான் அடம். 1 முதல் 2 வயது வரை மதியத் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும், அது குறைந்தால் குறைந்த கடனுக்கு வட்டியோடு ராத்திரியில் வசூலிப்பார்கள்.

ராத்திரியில் ஏன் விழிக்கிறார்கள் என்று பலருக்குப் புரிவதில்லை. எல்லோருமே ஒரு தூக்கச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்போது லேசாக மேலே வருவோம். நாம் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவோம், காலையில் நினைவுகூட இருக்காது. நிப்பிளோடு தூங்கிய பிள்ளை மேலே வரும்போது வாயில் அது இல்லை என்றால், நம் தலைக்கு அடியிலிருந்து யாரோ தலையணையை உருவிய மாதிரி. அதனால் படுக்கும் நேரத்தில் நிப்பிள் இல்லாமல் தூங்கப் பழகிவிட்டால், நடு ராத்திரி விழிப்பு தானே குறையும். மூன்றாவது நாள் அழுகை அதிகமாவதும் வழக்கம்தான். கதவு திறக்காது என்று தெரிந்ததும் கடைசியாக ஒரு தடவை ஓங்கித் தட்டுவது அது. அந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்தால், இவ்வளவு அழுதால்தான் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒரு முடிவு எடுத்தால் மாறவே கூடாது.

தேன் தொட்டுக் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.


மூன்றாம்_பிள்ளை:

பல்வரிசை அக்கா, அந்த நூல் கதையை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் வழி கேட்கவில்லை, முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார்.

"மாறவே கூடாது" என்பதற்கு என் பதில் இதோ. நான் மாறினேன். மூன்றாவது ராத்திரி, மணி 3. கணவரும் நானும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட நிறுத்தியிருந்தோம், "இங்க பாரு", "நீயே போ" அவ்வளவுதான் பேச்சு. மேல் பரணிலிருந்து எடுத்துக் கழுவி வாயில் வைத்தேன். தேம்பல் நிற்க நாலு நொடி. அந்த "ட்ச் ட்ச்" சத்தம் ஆரம்பித்தது. எனக்கும் உடம்பெல்லாம் தளர்ந்தது. அப்புறம் குனிந்து பார்த்தேன்.

அவன் கண்ணை மூடவில்லை. நிப்பிளின் தட்டுக்கு மேலே இரண்டு கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கோபம் இல்லை. நன்றி. நாங்களே மூன்று நாள் பிடுங்கி வைத்திருந்த பொருளுக்காக எனக்கு நன்றி. அந்தப் பார்வையைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து, 2 வயது 10 மாதத்தில், மறுபடி ஆரம்பித்தோம். இரண்டு ராத்திரி சிணுங்கினான், முடிந்தது. எனவே அக்கா, கொடுத்ததால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அவனுக்கு அப்போது நேரம் வரவில்லை. அவ்வளவுதான்.


சும்மா_வந்தேன்:

எதற்கு இதையெல்லாம் முதலில் பழக்குகிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அழுதால் தூக்குவதற்குச் சோம்பல், வாயை அடைக்க ஒரு ரப்பர். பிறகு அதைப் பிடுங்கிவிட்டு இங்கே வந்து கண்ணீர். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒன்றுக்கும் கொடுத்ததில்லை.


பல்வரிசை:

ஐயா, சோம்பலுக்காகக் கொடுப்பதில்லை. உறிஞ்சுவது பிறவிப் பழக்கம், வயிற்றுக்குள்ளேயே விரல் சூப்புகிற குழந்தைகள் உண்டு. தாய்ப்பால் குடிப்பது சரியாகப் பிடிபட்ட பிறகு, தூங்கும்போது நிப்பிள் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமே சொல்கிறது. முதல் வருடத்தில் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் ஆபத்து அதனால் குறைகிறது என்பதற்காக. தூங்கியபின் விழுந்துவிட்டால் திரும்ப வைக்கக்கூடத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989-ல் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நிப்பிளே கூடாது என்றுதான் எழுதின. 2018-ல் அதைத் திருத்தி, அதன் பயன்பாட்டையும் ஆபத்துகளையும் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று மாற்றிவிட்டன. அவர்களே இறங்கி வந்துவிட்டார்கள், நீங்கள் ஏன் இன்னும் மரத்தின் மேலேயே இருக்கிறீர்கள்?

மூன்றாம் பிள்ளை, உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகாது.


இரட்டைத்_தலைவலி:

சண்டை போட்டுக்கொண்டிருங்கள், நான் நடுவில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இரண்டு பெண்கள். மூத்தவள் ஒன்பது நிமிடம் மூத்தவள். அவர்கள் பாஷையில் அது "குக்கு". இரண்டு பேரையும் ஒரே ராத்திரியில் அழவிட எங்களுக்கு நெஞ்சு இல்லை, எனவே மூத்தவளுக்கு மட்டும் முதலில் நிறுத்தினோம். தப்பான யோசனை என்று தெரியும், யாரும் எழுத வேண்டாம். ஆனால் ஆச்சரியமாக ஐந்தே நாளில் விட்டுவிட்டாள். மாமாவுக்குப் போன் போட்டு, "நான் பெரிய பொண்ணு, குக்கு இல்ல" என்றாள். எல்லோருக்கும் பெருமை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி, கேமரா வழியாகச் சும்மா பார்த்தேன். மூத்தவள் இரண்டு படுக்கைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தங்கை நல்ல தூக்கம். மெதுவாகக் குனிந்து, வளையத்தில் விரலை விட்டு, தங்கை வாயிலிருந்து குக்குவை உருவினாள். "ப்ளக்" என்று சத்தம் வந்தது. நின்றபடியே தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எடுத்தாள். தங்கையின் வாயில் திரும்ப வைத்தாள், தலைகீழாக. இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாளும் பார்த்தோம். அதேதான். நாலு தடவை. ஐந்து கிடையாது.

நாங்கள் அவளிடம் இன்றுவரை கேட்டதில்லை. பிறகு தங்கைக்கும் நிறுத்தும் நாள் வந்தபோது, அழுதவள் தங்கை, ஆனால் என் மனைவி எழுந்து போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டது மூத்தவளோடு.


இரவுப்பணி:

வாரத்தில் ஐந்து ராத்திரி வேலை. அதனால் நிறுத்துகிற யுத்தத்தில் நான் இல்லை, மனைவிதான். எட்டாவது நாள் எனக்கு விடுமுறை. "நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்" என்று பெரிய வீரனாட்டம் சொன்னேன்.

படுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, மகள் ஒரு அலறல். ஓடினேன். உட்கார்ந்திருக்கிறாள், கண் அகலத் திறந்திருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. தூக்கினால் என்னையே தள்ளுகிறாள். "அப்பாடா, அப்பா வந்துட்டேன்டா" என்று முகத்துக்கு நேரே நின்று சொல்கிறேன். அவள் கண் என் மேல் பட்டு, என்னைத் தாண்டி, பின்னால் இருந்த சுவரையும் தாண்டி எங்கேயோ போனது. என் பிள்ளைக்கு என்னைத் தெரியவில்லை. வேலை வேலை என்று போய் இவளுக்கு என் முகமே மறந்துவிட்டது என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

பதறிப்போய் அலமாரியில் ஒளித்து வைத்திருந்த நிப்பிளை எடுத்து வாயில் திணித்தேன். கையை வீசினாள், அது எங்கேயோ பறந்து விழுந்தது. அஞ்சு நிமிடமோ பத்து நிமிடமோ, திடீரென்று அடங்கி, கவிழ்ந்து படுத்துத் தூங்கிவிட்டாள். காலையில் கட்டிலுக்கு அடியில் குனிந்து, "ஐ! வந்துருச்சு!" மனைவியின் ஏழு நாள் உழைப்பு அதோடு போச்சு. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

டாக்டர் பிறகு சொன்னார்: அது தூக்கத்திலேயே வரும் அலறல், நிப்பிளுக்காக அழுதது இல்லை. ராத்திரியின் முதல் பகுதியில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வரும். கண் திறந்திருந்தாலும் பிள்ளை விழித்திருக்காது, காலையில் நினைவும் இருக்காது. கெட்ட கனவு என்றால் விடியப் போகிற நேரத்தில் வரும், விழித்து நம்மைக் கட்டிக்கொள்ளும், என்ன கனவு என்றுகூடச் சொல்லும். தூக்கம் சரியில்லாத நாட்களில் இந்த அலறல் அதிகம் வருமாம். எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். அதைத் தெரிந்துகொண்டேன், சரி. ஆனால் என்னைத் தாண்டிப் போன அந்தக் கண்?


பேரன்_பாட்டி:

எங்கள் வீட்டில் இதைச் சூப்பி என்போம். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கு 2 வயது 9 மாதம். மகள் சூப்பியை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. அவசர வேலையாக இரண்டு ராத்திரி என்னிடம் விட்டுப் போனாள். தாளில் எழுதிக் கொடுத்தாள்: எத்தனை மணிக்குப் படுக்கை, எந்தப் புத்தகம், அழுதால் முதுகைத் தடவு, தூக்காதே, சூப்பி கிடையாது. கிடையாது என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

முதல் நாள் சமாளித்தேன். இரண்டாவது நாள் முடியவில்லை. தையல் பெட்டியில் பழைய சூப்பி ஒன்று கிடந்தது. சுடுதண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். அவன் உடனே வாயில் வைக்கவில்லை. கையில் வாங்கினான், மோந்து பார்த்தான், அப்புறம் கதவைப் பார்த்தான். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ரொம்ப மெதுவாக, "அம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

நான் சொல்லித் தரவில்லை. அவனாகச் சொன்னான். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு ஒளிக்கத் தெரிந்தது என் வீட்டில், என் கையால். மகள் வந்து, "சமத்தா இருந்தானாம்மா?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் "இருந்தான்" என்றேன். ஒரு வருடம் ஆகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.


மூன்றாம்_பிள்ளை:

அம்மா, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மகள் இடத்தில் நான் இருந்திருந்தால் சூப்பி கொடுத்ததற்குக் கோபம் வராது. நானே கொடுத்தவள்தானே. "இருந்தான்" என்றீர்களே, அதற்குத்தான் வந்திருக்கும். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானே.


பேரன்_பாட்டி:

தெரியுமம்மா. அதனால்தான் எழுதினேன்.


டேப்_ஒட்டாத_அப்பா:

சும்மா வந்தேன் சார், உங்கள் மூன்று பிள்ளைகளில் ஒருவர்கூட விரல் சூப்பவில்லையா? நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


சும்மா_வந்தேன்:

இரண்டாவது பையன் சூப்பினான். ஏழு வயது வரை.

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். நிப்பிளையாவது ஒளித்து வைக்கலாம், விரலை என்ன செய்வது? கசப்பாக எதையெதையோ தடவினேன், கழுவிவிட்டு வந்து சூப்பினான். திட்டினேன். மற்ற பிள்ளைகள் முன்னால் கேலிகூடச் செய்தேன். கட்டை விரலின் முட்டியில் தோல் தடித்து வெள்ளையாகக் காய்த்துப் போயிருக்கும். ஒரு நாள் படுக்கப் போகும்போது தன் பள்ளிக்கூட ஷூவிலிருந்து லேஸை உருவிக்கொண்டு வந்தான். இரண்டு கையையும் பின்னால் வைத்துத் திரும்பி நின்றுகொண்டு, "அப்பா, கட்டிவிடுங்க. தூக்கத்துல எனக்குத் தெரியாமப் போயிடுது" என்றான்.

கட்டவில்லை. லேஸை வாங்கி ஷூவில் திரும்பக் கோத்துக் கொடுத்தேன். அன்றோடு நான் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன். அவன் எப்போது நிறுத்தினான் என்று சரியாகத் தெரியாது. இப்போது அவனுக்கு என்னை விட உயரம்.

முன்னால் எழுதியதில் சோம்பல் என்று போட்டது தப்பு.


பல்வரிசை:

சார், ஏழு வயதில் நிலைப் பற்கள் முளைத்திருக்குமே, பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டினீர்களா? தாடை வளர்ந்து முடிவதற்குள் என்றால்


மூன்றாம்_பிள்ளை:

அக்கா!!!


பல்வரிசை:

சரி, சரி.


அரைத்தூக்கம்:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பாட்டியம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை (எனக்கு இப்போதெல்லாம் மகள் தூங்கினாலும் தூக்கம் வருவதில்லை, இரண்டே முக்காலுக்கு உடம்பே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வேறு கதை).

நிப்பிளை நான் தூக்கிப் போடவில்லை. பீரோவில் துணிக்கு அடியில்தான் இருந்தது. இன்று காலை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.

அவள் பார்த்தாள். அழவில்லை, பிடுங்கவும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"சொன்னேன்ல, கெடைக்கும்னு!"

என் முதுகில் இரண்டு தட்டு வேறு தட்டினாள். ஐந்து மாதமாக அதைத் தேடிக்கொண்டிருந்தது நான்தான் என்பது மாதிரி. வாயில் வைத்துப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

பாக்கெட்டில் இருந்ததை இன்னும் சொல்லவில்லை.


பல்வரிசை:

வாயில் வைக்கும் முன் கொதிக்க வைத்தீர்களா? ஐந்து மாதம் பீரோவில் கிடந்தது என்றால் ரப்பர் இளகிப் பிசுபிசுத்திருக்கும். இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள்.